பங்கு ஒருவர் பெயரில், பிடி இன்னொருவர் கையில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறுவனம் யாருடையது என்று கேட்டால் பங்குதாரர் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் இருப்பது சட்டப்படி உரிமையாளரான பெயர். லாபம் கடைசியில் யார் கைக்குப் போகிறது, யார் சொன்னால் காரியம் நடக்கிறது என்பது வேறு விஷயம். அந்த ஆளைத்தான் பயன்பெறும் உரிமையாளர் என்கிறோம். அவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நழுவ முடியாது.

ஒருவரைப் பயன்பெறும் உரிமையாளர் என்று சொல்ல, பல நாடுகளில் 25 சதவீதப் பங்கை எல்லையாக வைத்திருக்கிறார்கள். இந்திய நிறுவனச் சட்டத்தில் 10. இந்தக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருவருக்கு முதல் நிறுவனத்தில் 60 சதவீதப் பங்கு. அந்த நிறுவனத்துக்கு இரண்டாவதில் 40 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் இரண்டாவதில் அவர் பங்கு 24 சதவீதம்தான். சரி, 25-ஐத் தொடவில்லையே என்று கோப்பை மூடிவிடலாமா? கூடாது. முதல் நிறுவனம் அவர் சொன்னபடி ஆடும். ஆகவே இரண்டாவதில் அந்த 40 சதவீத வாக்கும் அவருடையதுதான். மற்ற 60 சதவீதம் சில்லறையாகப் பலரிடம் சிதறிக் கிடந்தால், பொதுக்கூட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பங்கே இல்லாமலும் பிடி இருக்கும். இயக்குநரை நியமிக்கும் உரிமையைக் கடன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர், வங்கிக் கணக்கை இயக்கும் பவர் பத்திரம் வைத்திருப்பவர் எல்லாம் இந்த ரகம். பெயருக்கு நியமிக்கப்படும் இயக்குநர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பதும் உண்டு. அவர் கொஞ்சம் முரண்டு பிடித்தால் தேதியை நிரப்பினால் போதும். இப்படியொரு கடிதம் பெட்டியில் இருப்பது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. டிரஸ்ட் என்றால் இன்னும் சிக்கல்: சொத்தை ஒப்படைத்தவர், நிர்வகிப்பவர், பயன்பெறுபவர் என்று எல்லோரையும் பார்க்க வேண்டும்.

2016-ல் பனாமா ஆவணங்கள் கசிந்தபோது, ஒரே ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் வெளிவந்தன. அவற்றில் 2 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்களின் விவரம் இருந்தது. அதே ஆண்டு பிரிட்டன், நிறுவனங்களின் பிடி யார் கையில் என்பதை யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டைத் திறந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் நிறுவனங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சரிபார்க்கும் அதிகாரம் தரும் சட்டம் வர 2023 ஆகிவிட்டது. இதற்கிடையே 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இந்த விவரங்களை எல்லோருக்கும் திறந்து வைப்பது தனியுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. யார் பார்க்கலாம் என்ற சண்டை தொடரட்டும். எழுதியிருப்பதை யாராவது சோதித்தார்களா என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அப்புறம் ஒன்று. எவ்வளவு தேடியும் உரிமையாளர் அகப்படவில்லை என்றால், தலைமை நிர்வாகியின் பெயரை எழுதிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. வங்கிகளில் சிலருக்கு இது சௌகரியமாகப் போய்விட்டது. தேடுவதற்கு முன்பே அவர் பெயரை எழுதிவிடுகிறார்கள். படிவத்தில் உரிமையாளர் பெயருக்கான கட்டத்தில் ஒரு நிர்வாகியின் பெயரைப் பார்த்தால், இவரை நாளைக் காலையே வேலையை விட்டு அனுப்ப யாரால் முடியும் என்று கேளுங்கள். தேட வேண்டிய ஆள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். நன்றி, வணக்கம்.