பாட்டு எழுதியவருக்கு அவ்வளவு பெருமை ஏன்? – பியூட்டி அண்ட் தி பீஸ்ட்

அடுத்த கேள்விக்கு வருவோம். 1991-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படமான 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனின் படம் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். "இயக்கியவர்கள் இரண்டு பேர், வரைந்தவர்கள் எத்தனையோ பேர். பாட்டு எழுதியவருக்கு எப்படி இவ்வளவு பெருமை? 2017-ல் நடிகர்களை வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் போதாதா?" என்று ஒரு நேயர் கேட்கிறார். நல்ல கேள்வி.

அந்தப் படத்தை முதலில் பாட்டே இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள். ரிச்சர்ட் பர்டம் என்பவர் இயக்குவதாக இருந்தது. 1989-ல் அவருடைய குழு வரைந்து காட்டிய கதையை ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்சன்பெர்க் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அப்போது 'தி லிட்டில் மெர்மெய்ட்' பாடல்களை முடித்திருந்த ஆஷ்மனையும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனையும் கூப்பிட்டார்கள். பிறகு பொறுப்பேற்ற கேரி ட்ரவுஸ்டேல், கிர்க் வைஸ் இருவருக்கும் அதுதான் முதல் முழுநீளப் படம்.

ஆஷ்மனுக்கு அப்போது எய்ட்ஸ். குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. அவர் கலிபோர்னியா போக முடியாததால், கதைக் குழு நியூயார்க் பக்கம் ஃபிஷ்கில் என்ற ஊருக்கு வந்து அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தது. சாபத்தால் மிருகமாகிவிட்ட இளவரசனின் மாளிகையில் இருக்கும் மெழுகுவர்த்தித் தண்டும் கடிகாரமும் டீ கெண்டியும் குணமுள்ள பாத்திரங்களாகப் பேசிப் பாட வேண்டும் என்பது அவர் சொன்னதுதான். அதை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும் சொல்லுங்கள்.

தொடக்கப் பாட்டைப் பாருங்கள். கதாநாயகி பெல் புத்தகத்தோடு தெருவில் நடக்கிறாள். ரொட்டிக்காரர் தட்டோடு வருகிறார், கடைக்காரர் புத்தகத்தைச் சும்மாவே கொடுத்துவிடுகிறார், ஆடு ஒன்று பக்கத்தைக் கடித்துத் தின்கிறது. ஊர் அவளை அழகி என்கிறது, ஒரு மாதிரி என்றும் சொல்கிறது. நடுவில் கேஸ்டன் வந்து இவளைத்தான் கட்டுவேன் என்கிறான். அவளுக்கோ இந்த ஊர் போதவில்லை. ஐந்தே நிமிடத்தில் முழுப் படத்துக்கான சிக்கலும் விழுந்துவிட்டது. வசனமாக எழுதினால் நான்கைந்து காட்சி பிடிக்கும். திரைக்கதையையே பாட்டாக எழுதியவர் ஆஷ்மன். இது அவருடைய படம் என்று நான் சொன்னது அதனால்தான்.

மாளிகைப் பொருட்கள் பாடும் விருந்துப் பாட்டை முதலில் பெல்லின் அப்பாவுக்காகப் பாடுவதாக வைத்திருந்தார்கள். கதை அவளுடையது, அவளுக்கல்லவா பாட வேண்டும் என்று பிறகு தோன்றி, மறுபடி ஒலிப்பதிவு செய்து வரைந்தார்கள். முடிந்த வேலையைத் தூக்கிப் போடுவதற்கு மனம் வேண்டும். தலைப்புப் பாட்டை, டீ கெண்டிக்குக் குரல் கொடுத்த நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி, தன் குரலுக்கு ஒத்துவராது என்று தயங்கினாராம். ஒரு டேக் பாடிப் பாருங்கள் என்றார்கள். படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

ஆஷ்மன் 1991 மார்ச் 14 அன்று, 40 வயதில் இறந்துவிட்டார். முடிந்த படத்தைப் பார்க்கவில்லை. செப்டம்பரில் நியூயார்க் திரைப்பட விழாவில் அரைகுறையாக, சில இடங்களில் வெறும் பென்சில் கோடுகளாகவே திரையிட்டார்கள். அதற்கே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்குள் போன முதல் அனிமேஷன் படமும் இதுதான். பாட்டுக்கான ஐந்து பரிந்துரைகளில் மூன்று இந்தப் படத்துடையவை. தலைப்புப் பாட்டு விருது வாங்கியது.

சரி, 2017 படம். பழைய பாடல்கள் இருக்கின்றன, மென்கன் இசையில் டிம் ரைஸ் எழுதிய புதியவையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை வரும்போது கதை நின்று காத்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதனால் 1991 படத்தை முதலில் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பார்க்கும்போது நிறத்தையும் கவனியுங்கள்: அந்த ஊரில் நீல உடை போட்டிருப்பது பெல் மட்டும்தான்.