பயம் முழுசாக வரட்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணைமாரே, தங்கச்சியே, வாசிகசாலை முற்றத்தில் கதிரை கிடைத்தவர்களும் மதிலில் ஏறி இருப்பவர்களுமாகிய ஊரவரே, எல்லாருக்கும் வணக்கம்.

பேய்ப் படத்தில் நகைச்சுவையைக் கலந்தது தமிழ்ச் சினிமாவுக்கு வளர்ச்சியா, வீழ்ச்சியா? இதுதான் இன்றைய வழக்கு. வளர்ச்சி என்று எதிரணித் தலைவர் அண்ணை வடிவாகப் பேசிவிட்டுப் போய் இருக்கிறார். முன்பு பேய்ப் படம் என்றால் இளம் பெடியள் மட்டும்தான் போவார்கள், இப்போது குஞ்சு குருமான் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகிறோம் என்றார். சனம் படுகிற பாட்டுக்குள் இரண்டரை மணித்தியாலம் பயந்துகொண்டு இருக்க யாருக்கு மனம் வரும் என்றும் கேட்டார். கைதட்டும் வாங்கினார்.

நான் சினிமா படித்தவன் இல்லை. படம் பார்க்கிறவன், அவ்வளவுதான். பேய்ப் படம், மர்மப் படம், சிரிப்புப் படம் எதையும் தவறவிட விரும்பாதவன். ஆகவே நான் சிரிப்புக்கு எதிராளி என்று யாரும் நினைக்க வேண்டாம். சிரிப்பும் பயமும் ஒன்றை ஒன்று அழிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அணியில் நிற்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது மனத்தில் எழுந்து உடம்பில் தெரிகிற உணர்ச்சி, எட்டு என்றார். நகை அதில் முதலாவது. அச்சம் தனியாக ஐந்தாவது. அதோடு விடவில்லை. அச்சம் எதனால் வரும் என்றும் சொன்னார்: அணங்கு என்கிற வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறையாகிய அரசன். இந்த நாலில் இன்றைய சினிமா முழுக்க அடங்கிவிடுகிறது, பாருங்கள். அணங்கால் வரும் அச்சம் பேய்ப் படம். கள்வரால் வரும் அச்சம் நாங்கள் திரில்லர் என்று சொல்கிற மர்மப் படம். நகைக்கு அவர் சொன்ன காரணங்கள் வேறு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக ஒன்றுகூட இல்லை. நவரசமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே என்று அண்ணை சொன்னார். சரி, பிள்ளைகள்தான். ஆனால் ஒரு பிள்ளை அழத் தொடங்கும்போதே மற்றதின் கையால் அதன் வாயைப் பொத்தினால் எப்படி?

இப்போது வருகிற பேய்ப் படங்களில் நடப்பது அதுதான். தியேட்டரில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுச்சாமம். பழைய பங்களா. கதவு தானாகத் திறக்கிறது. இசை மெல்ல ஏறுகிறது. முன்வரிசைப் பிள்ளை தாயின் கையைப் பிடிக்கிறது. எங்களுக்கும் முதுகு சில்லென்று வரத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து நகைச்சுவை நடிகர் ஒருவர் கட்டிலுக்குக் கீழே இருந்து எழும்பி, அலறி, இன்னொருவர் மேல் விழுகிறார். அவர் அடுத்தவர் மேல் விழுகிறார். பேய் வந்து மூவருக்கும் கன்னத்தைப் பொத்தி அறைகிறது. தியேட்டர் சிரிக்கிறது. பிள்ளை கையை விட்டுவிடுகிறது. போச்சு. அதற்குப் பிறகு அந்தப் பேய் என்ன வேசத்தில் வந்தாலும் யாரும் பயப்படப் போவதில்லை. அடிக்கிற பேயைப் பார்த்துச் சிரிப்பு வரலாம், நடுக்கம் வராது. கடைசி இருபது நிமிசம் அந்தப் பேயின் சோகக் கதையைச் சொல்லி எங்களை அழச் சொல்கிறார்கள். அதுவரை கேலிப்பொருளாக வைத்திருந்த ஒன்றுக்காக எப்படி அழுவது?

பயம் முழுசாக வந்தால்தான் முழுசாகப் போகும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாதியில் அறுத்த பயம் வரவும் இல்லை, போகவும் இல்லை.

2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்ரம் கே. குமார் இயக்கியது, மாதவன் நடித்தது. பங்களா இல்லை, சுடலை இல்லை, வெள்ளைச் சீலை இல்லை. புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீடு, பதின்மூன்றாம் மாடி. அந்த மனுசன் தனியே ஏறினால் லிஃப்ட் ஓடாது. வேறு யாராவது கூட ஏறினால் ஓடும். அவ்வளவுதான் சம்பவம். யாரும் அலறவில்லை. அவர் பொத்தானை அமத்துகிறார், நிற்கிறது. இறங்கிப் படியில் நடக்கிறார். அடுத்த நாளும் அதே கதை. வீட்டில் காய்ச்சுகிற பால் திரிகிறது. வீட்டார் பார்க்கிற தொலைக்காட்சித் தொடரில் தன் வீட்டுக் கதையே நடக்கிறது. ஒன்றொன்றாக, அவசரப்படாமல் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். லிஃப்ட் நிற்கிற அந்த இடத்தில் ஒரு பகிடிக்காரர் வந்து, ‘உன்ர நிறை தாங்காமல்தான் நிண்டிட்டுது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தியேட்டர் சிரித்திருக்கும், நானும் சிரித்திருப்பேன். ஆனால் அடுத்த முறை லிஃப்ட் கதவு திறக்கும்போது எங்களுக்குள் எதுவும் இருந்திராது. பயத்தை வளர்க்க நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். ஒரு வரிப் பகிடி போதும், அவ்வளவு பாடும் வீண்.

எதிரணியினர் ‘காதலிக்க நேரமில்லை’யைத் தூக்கிப் பிடித்தார்கள். 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற கட்டம். பயமும் சிரிப்பும் ஒன்றாக வரவில்லையா என்று கேட்டார்கள். எனக்கும் உயிரான கட்டம் அது, கேட்டதற்கு நன்றி. அதில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். நாகேஷ் கதை சொல்கிறார். கதவு கிரீச்சிடுவதையும் காலடிச் சத்தத்தையும் தன் வாயாலேயே போடுகிறார். பாலையா கதிரையில் இருந்தபடியே கேட்கிறார். அவர் முகம் மாறுகிறது, கண் பிதுங்குகிறது, உடம்பு ஒடுங்குகிறது. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம்? பாலையா உண்மையாகவே பயப்படுவதால் சிரிக்கிறோம். அந்த மனுசன் கொஞ்சம் விளையாட்டாகப் பயந்திருந்தால் அந்தக் கட்டம் அன்றைக்கே செத்திருக்கும். தொல்காப்பியர் சொன்ன பேதைமையால் வந்த நகை அது. இன்னொன்று: அது சிரிப்புப் படம் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். பேயைக் காட்டுகிறேன் என்று ரிக்கற் வித்துவிட்டு எங்களைச் சிரிக்க வைக்கவில்லை. ஆகவே அந்தக் கட்டம் என் பக்கத்துச் சாட்சி.

‘சந்திரமுகி’யும் அப்படித்தான். 2005இல் வந்தது. மலையாளத்தில் 1993இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் கதை. வடிவேலு பயந்து நடுங்குகிற கட்டங்களுக்கு நான் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜோதிகா கணவன் முன்னால் நின்று, மெல்ல மெல்ல வேறு ஒருத்தியாக மாறி, கட்டிலைத் தூக்குகிற அந்த அறைக்குள் வடிவேலு இல்லை. அவரை உள்ளே விடவில்லை. அந்தக் கட்டத்தின் பலமே அதுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் வடிவேலுவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பூட்டிய அறையை விட்டுவிட்டார்கள்.

இந்த அறிவு எங்கள் மண்ணுக்குப் புதிது இல்லை, நடுவர் ஐயா. இந்த ஊர்க் கோயில் வீதிகளில் விடிய விடிய இசைநாடகம் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டம் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். இசைநாடகத்தில் பபூனுக்கு இடம் உண்டு. வந்து ஆடுவார், நடப்பு விசயங்களைச் சொல்லிச் சபையைக் குலுங்க வைப்பார். ஆனால் சந்திரமதி பாம்பு தீண்டிய பிள்ளையின் உடலோடு சுடலைக்கு வருகிறாளே, அந்த நேரம் மேடையில் பபூனுக்கு என்ன வேலை? அங்கே அவர் வந்து ஒரு பகிடி விட்டிருந்தால் சபையே கல்லெடுத்து எறிந்திருக்கும். எங்கள் பேரன் பேத்திகளுக்குக் காட்டுகிற படத்தில் அந்தச் சுடலைக்குள்ளேயே பபூனை இறக்கிவிட்டு, வளர்ச்சி என்று பெயர் வைத்தால் எப்படி ஒப்புக்கொள்வது?

அண்ணை கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். சனம் படுகிற பாட்டுக்குள் யாருக்குப் பயப்பட மனம் வரும்?

எங்களுக்கு வந்தது. 1990இல் போரால் மின்சாரம் நின்று, யாழ்ப்பாணக் குடாநாடு வருசக்கணக்காக இருட்டில் கிடந்தது. மண்ணெண்ணெய் எங்களுக்குத் தங்கம். அந்தக் காலத்திலும் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரை வளவின் மூலையில் வைத்து, சத்தம் கேட்காமல் இருக்கச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, ஒழுங்கையே கூடி இருந்து படம் பார்த்தோம். குண்டு போடுகிற பொம்பர் விமானம் வருகிறதா என்று ஒரு காது வானத்தில்தான் இருக்கும். இரவு முழுக்க ஓடுகிற படங்களில் கடைசிக்கென்று ஒரு பேய்ப் படம் வைப்பார்கள். சிறுசுகள் நித்திரை கொண்ட பிறகு போடுவதற்கு. நிசப் பயம் வாசலில் நின்ற காலத்தில், படத்துப் பயத்தை நாங்களே கேட்டு வாங்கினோம். ஏன்?

பொம்பர் எப்போது வரும் என்று தெரியாது, எப்போது போகும் என்றும் தெரியாது. படத்துப் பேய் வரும் என்று தெரியும், முடியும் என்றும் தெரியும். பக்கத்தில் அம்மம்மா இருப்பார், அயல்வீட்டு மாமி இருப்பார். எல்லாருமாகச் சேர்ந்து பயந்து, எல்லாருமாகச் சேர்ந்து அதிலிருந்து வெளியே வருவோம். படம் முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தினதும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், யாரும் பகிடி விடாமலே வருகிற சிரிப்பு. பயம் கழன்ற சிரிப்பு. பேய்ப் படம் தரவேண்டிய சிரிப்பு அதுதான். அது படத்துக்கு உள்ளே இல்லை, படம் முடிந்த பிறகு எங்கள் வாயில் வருகிறது. பாடுபட்ட சனத்துக்குப் பயம் வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்கள், பாடுபட்ட சனத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் நல்லது.

குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் என்பது உண்மை, மறுக்கவில்லை. 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2014இல் ‘அரண்மனை’. இந்த ‘அரண்மனை’ 2024இல் நாலாம் பாகம் வரை வந்துவிட்டது. காசு வராமல் நாலு பாகம் எடுக்க மாட்டார்கள். ஆனால் காசு வந்ததும் கலை வளர்ந்ததும் ஒன்றா என்பதுதான் வழக்கு. ‘காஞ்சனா’வுக்கு உரிய மரியாதையை நான் கொடுப்பேன். நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் கதை அது. சரத்குமார் அந்தப் பாத்திரத்தைக் கௌரவமாகச் செய்தார். அந்தக் கட்டம் தொடங்கியதும் தியேட்டர் அமைதியானது. அதற்கு முன்னால் இருந்த பகிடிகளை எல்லாம் மறந்துவிட்டு அந்த அரை மணித்தியாலத்தைத்தான் சனம் வீட்டுக்குக் கொண்டுபோனது. பகிடி நின்ற இடத்தில்தான் அந்தப் படமே எழும்பி நிற்கிறது.

மர்மப் படக்காரர்கள் இந்தத் தவறைக் குறைவாகத்தான் செய்தார்கள். 1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தபோது பாட்டே வைக்கவில்லை. பாட்டில்லாத தமிழ்ப் படத்தை நினைத்தும் பார்க்காத காலம் அது. துப்புத் துலக்குவதை எது குழப்புமோ அதை வெளியே வைத்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா 1980இல் ‘மூடுபனி’ எடுத்தார். கொலைகாரன் யார் என்று ஒளிக்கவே இல்லை. அவன் சின்ன வயதில் தாய் பட்ட அடியைக் காட்டுகிறார். அவன் மேல் இரக்கமும் வருகிறது, அவன் கிட்ட வந்தால் கை காலும் உதறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எங்கள் மனதில் நிற்க விட்டார். நடுவில் ஆள் அனுப்பி எங்களைத் தேற்றவில்லை. பார்க்கிறவன் தாங்குவான் என்று நம்பினார். பேய்ப் படம் எடுக்கிறவர்களும் அந்த நம்பிக்கையை எங்கள் மேல் வைக்க வேண்டும்.

வைத்தவர்களும் இருக்கிறார்கள். 2015இல் வந்த ‘டிமான்டி காலனி’யில் நாலு நண்பர்கள் முதலில் கதைத்துச் சிரிக்கிறார்கள், குடிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் நக்கலடிக்கிறார்கள். நாங்களும் சிரிக்கிறோம். பிறகு ஓர் அறைக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கதவு பூட்டின பிறகு பகிடி இல்லை. முதலில் சிரித்தபடியால்தான் அந்த நாலு பேரும் எங்களுக்கு நெருங்கிய பெடியள் ஆனார்கள். அதனால்தான் அவர்களுக்கு ஒன்று நடக்கும்போது எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. சிரிப்புக்குப் பேய்ப் படத்தில் இடமே இல்லை என்று எங்கள் அணி சொல்லவில்லை. கதவு பூட்டும்வரை இருக்கட்டும்.

அடுத்துப் பேச வருகிற தங்கச்சியிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். நீங்கள் வளர்ச்சி என்று சொல்கிற இந்தக் கலவைப் படங்களில் இருந்து ஒரே ஒரு கட்டத்தைச் சொல்லுங்கள். பாட்டு வேண்டாம், பகிடி வேண்டாம். பேய் வருகிற கட்டம். இரவில் தனியே கிணற்றடிக்குப் போகும்போது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்த கட்டம். எங்கள் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஜோதிகா தூக்கிய கட்டில் இருக்கிறது, அந்த நாலு பெடியளின் அறை இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருப்பதைச் சபைக்குச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.