பழைய என்லார்ஜர் வாங்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். பிலிமில் படம் எடுக்கிற இளைஞர்களை இப்போது மறுபடியும் பார்க்க முடிகிறது, ஆனால் நிறையப் பேர் நெகடிவை ஸ்கேன் செய்து போனில் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். கறுப்பு வெள்ளை நெகடிவைத் தாளில் பிரிண்ட் போட்டுப் பார்க்கும் சந்தோஷத்தை அவர்கள் இழந்துவிடக் கூடாது. அதற்கு நெகடிவ் வழியாக வெளிச்சம் பாய்ச்சி, படத்தைப் பெரிதாகத் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் ஒன்று வேண்டும், பழசே போதும்.

கலர் லேப்கள் வந்த பிறகு நம் ஊர் ஸ்டுடியோக்களின் பின்னறைக்குப் போன என்லார்ஜர்கள் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. ஆன்லைனில் தேடினால் இத்தாலியின் டர்ஸ்ட், செக் நாட்டு மியோப்டா போன்ற பெயர்கள் வரும். பெயிண்ட் உரிந்திருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். தலைப்பகுதியை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு விரலால் லேசாகத் தட்டுங்கள், ஆட்டம் உடனே அடங்கினால் சரி. லென்ஸுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸில் ஓட்டை இருக்கிறதா, நெகடிவைப் பிடித்து வைக்கும் நெகடிவ் கேரியர் கூடவே வருகிறதா, இதையெல்லாம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கேரியரைத் தனியாகத் தேடி அலைவது பெரிய பாடு.

காசை லென்ஸில் போடுங்கள். 35 மி.மீ. பிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், ஆறுக்கு ஆறு செ.மீ. நெகடிவுக்கு 75 அல்லது 80. எல்-நிக்கார், ஷ்னைடர் கம்போனான்-எஸ், ரோடன்ஸ்டாக் ரோடகான், மூன்றுமே அருமையானவை, என்லார்ஜரில் பொருத்துவதற்குப் பெரும்பாலும் 39 மி.மீ. மரைதான். லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் சர்வ சாதாரணம். விலை எவ்வளவு குறைத்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை வயர். பழைய மிஷின்களில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும், உடம்பெல்லாம் உலோகம், நம் கையோ ஈரம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உள்ள மூன்று கம்பி வயராக மாற்றாமல் ஸ்விட்சைப் போடவே கூடாது. அமெரிக்க மிஷின் என்றால் அது 110 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230-இல் நேராகச் சொருகினால் பல்பு போய்விடும். பல்பு பால் வெள்ளையாக, தலையில் எழுத்து அச்சடிக்காததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எழுத்தின் நிழல் பிரிண்டில் விழ வாய்ப்புண்டு.

அடுத்தது அலைன்மென்ட், பலரும் தாண்டிப்போவது இதைத்தான். நெகடிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் படத்தின் நான்கு மூலையும் கூர்மையாக வரும். டெவலப் ஆகி முழுக் கறுப்பாக இருக்கும் பிலிம் முனையை எடுத்து, நடுவிலும் நான்கு மூலையிலும் ஊசியால் சின்னக் கோடு கீறுங்கள். அதை கேரியரில் வைத்து, லென்ஸை முழுசாகத் திறந்து, பெரிதாகப் பலகையில் விழவைத்து நடுக்கோட்டை ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது மூலைகளைப் பாருங்கள். இடது பக்கம் கூர்மை, வலது பக்கம் மசமசப்பு என்றால் எங்கோ சாய்வு இருக்கிறது. சரிசெய்யும் திருகு இருந்தால் அதைத் திருப்புங்கள், இல்லையென்றால் தலைப்பகுதியைத் தாங்கும் கம்பத்தின் அடியில் மெல்லிய தகடோ அட்டையோ வைத்து ஏற்றுங்கள், ஒரு சாயங்காலமே போனாலும் பரவாயில்லை. பிரிண்ட் போடும்போது லென்ஸின் திறப்பை எஃப் 8-க்கு மூடிக்கொள்ளலாம், மிச்சம் மீதி சாய்வை அது கொஞ்சம் மறைக்கும்.

ஸ்டுடியோக்காரர் பழைய தாள் பெட்டியும் சேர்த்துத் தரலாம், அதில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர் இருந்தால் பத்திரமாக வையுங்கள், 1960-இல் நிறுவிய அந்த ஆலை இப்போது இல்லை. பிரிண்ட் போடப் புதுத் தாள் வாங்குங்கள், பழைய தாள் வெளிச்சமே படாமலும் சாம்பல் பூத்திருக்கும். இல்ஃபோர்டு மல்டிகிரேடு தாள் ஒரே பெட்டி வாங்கினால் போதும், 00 முதல் 5 வரையுள்ள ஃபில்டர்களை மாற்றி கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது கான்ட்ராஸ்டைக் கூட்டலாம் குறைக்கலாம். தாளில் படத்தை வரவழைக்கும் கரைசலான டெவலப்பருக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும், சென்னை மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், அதனால் ட்ரேயை ஐஸ் தண்ணீரில் உட்கார வையுங்கள்.

இருட்டறையில் தாளைக் கையாளும்போது போட்டுக்கொள்ளும் சிவப்பு விளக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதன் கீழே ஒரு தாளில் நாணயத்தை வைத்து ஐந்து நிமிஷம் கழித்து டெவலப் செய்யுங்கள். நாணயம் இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வைத்து, இன்னொரு தாளில் திரும்பவும் பாருங்கள். நன்றி, வணக்கம்.