நான்கு லிட்டர் பீருக்கு எத்தனை கிராம் ஈஸ்ட்? நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். குடியாத்தத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், இப்போது மெல்போர்னில் பணிபுரிபவர், ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். 20 முதல் 23 லிட்டர் வரைக்கும் என்று அச்சிடப்பட்ட 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட்டிலிருந்து, "அம்மா பாலுக்கு உறை ஊற்றுவதைப் போல" ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து நான்கு லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் போட்டாராம். இரண்டு நாள் நுரையே எழவில்லை, பிறகு புளித்த வாடை அடித்தது, சரியான அளவை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்கிறார்.

ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயனுக்குப் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டிலோ, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பது குற்றம். ஆகவே வேலூர்ப் பக்கத்து நேயர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்குபவர்களுக்கு இதிலுள்ள சில செய்திகள் உதவும்.

தம்பி, பிழை அந்தச் சிட்டிகையில்தான் இருக்கிறது. உறைமோரில் உள்ள பாக்டீரியா வெதுவெதுப்பான பாலில் மளமளவென்று பெருகி, அமிலத்தைச் சுரந்து, மற்ற கிருமிகளைத் தானே ஒடுக்கிவிடும். அதனால் அங்கே ஒரு துளி போதும். ஈஸ்ட் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு முறை அது மொட்டுவிட்டுப் பெருகும்போதும், தன் செல் சவ்வில் சேமித்து வைத்துள்ள ஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைச் சேய் செல்லோடு பங்கிட்டுக்கொள்கிறது. அந்த ஸ்டெராலைப் புதிதாக உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய கலத்தில் அது சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். சிட்டிகை அளவிலிருந்து தொடங்கினால் பல தலைமுறைகள் பெருகியாக வேண்டும். கடைசித் தலைமுறைகள் மெலிந்து, வேலையை முடிக்க முடியாமல் நின்றுவிடும். அந்த இடைவெளியில் புளிப்புக் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அறை வெப்பத்தை ஒட்டி நொதிக்கும் ஏல் வகைப் பீருக்கு, ஒரு மில்லிலிட்டரில், ஒரு பிளேட்டோ (சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவைக் காட்டும் அலகு) அடர்த்திக்கு 7.5 லட்சம் உயிருள்ள செல்கள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.048 காட்டும் சாறு ஏறத்தாழ 12 பிளேட்டோ. நான்கு லிட்டருக்குப் பெருக்கினால் 3600 கோடி செல்கள் வரும். நல்ல உலர் ஈஸ்ட் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 கோடி செல்கள் என்று வைத்துக்கொண்டால், 3.6 கிராம் தேவை. லிட்டருக்கு 0.5 முதல் 0.8 கிராம் வரை போதும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கில் 2 முதல் 3.2 கிராம்தான் வருகிறது. உலர் ஈஸ்ட் போதிய காற்றோட்டத்தில் வளர்க்கப்பட்டு ஸ்டெரால் சேமிப்போடு வருவதால் அதுவும் சரியே. இருந்தாலும் நான் உங்களுக்கு மூன்றரை கிராமையே சொல்வேன். சற்றுக் கூடினால் பழ மணம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்; குறைந்தால் முழுக் கலமும் வீணாகிவிடலாம். குளிர்நிலையில் நொதிக்கும் லாகருக்கு இதைப்போல் இரு மடங்கு வேண்டும்.

தயவுசெய்து தேக்கரண்டியால் அளக்காதீர்கள். ஈஸ்ட் மணிகள் சிறியவையா பெரியவையா என்பதைப் பொறுத்து ஒரு கரண்டியின் எடை மாறிவிடும். சமையலறைத் தராசுகள் பல ஒரு கிராமுக்குக் கீழே காட்டா; மூன்று கிராமில் அரை கிராம் தவறுவது சிறிய பிழையன்று. நம் ஊர் நகைக்கடைகளில் வைத்திருப்பதைப் போல 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலையும் சிறு கிண்ணத்தையும் கிருமிநீக்கம் செய்து, நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும்; ஈரம் பட்டால் மிச்சமுள்ள ஈஸ்ட் கெட்டுவிடும்.

வெப்பத்தையும் மறந்துவிடாதீர்கள். ஒரு சித்திரை மாதத்தில், ரொட்டிக்காக நான் வரவழைத்த ஈஸ்ட் பார்சல் வேலூர் வெயிலில் வாசற்படியிலேயே பகல் முழுவதும் கிடந்தது. எடை துல்லியமாகத்தான் இருந்தது, மாவு மட்டும் எழும்பவே இல்லை. தராசு எடையைத்தான் காட்டும், உயிரைக் காட்டாது. சந்தேகமாக இருந்தால் புதிய பாக்கெட்டையே பயன்படுத்துங்கள்.

பிரித்த பாக்கெட்டில் மிஞ்சுவதைக் காற்றை வெளியேற்றி மடித்து, இறுக ஒட்டி, 4 டிகிரிக் குளிரில் வைத்து, ஏழு நாட்களுக்குள் அடுத்த கலத்திற்குப் பயன்படுத்திவிடுங்கள்.