கண்ணாடியாலயே வீடு கட்டுன அம்மா, கடைசில ஜன்னல்ல போர்வைய தொங்கவிட்ட கதை!

வணக்கம் மக்களே! ஸ்க்ரீன்ல இருக்கிற பில்டிங்க கொஞ்சம் நல்லா பாருங்க. சுத்தி கண்ணாடி, ஏதோ ஐடி கம்பெனி மாதிரி இருக்குல்ல? இது கட்டி முடிச்சு குடி போனது 1597-ல. கட்டுனது ராஜாவும் கிடையாது ராணியும் கிடையாது, 60 வயச தாண்டுன ஒரு அம்மா!

இடம் இங்கிலாந்துல டெர்பிஷயர், வீட்டு பேரு ஹார்ட்விக் ஹால். அம்மா பேரு எலிசபெத், எல்லாரும் கூப்பிடுறது பெஸ். பெருசா வசதி இல்லாத குடும்பம், நாலு கல்யாணம், கடைசி புருஷன் ஷ்ரூஸ்பரி பிரபு, அவர் 1590-ல இறந்துட்டாரு, அதே வருஷம்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரமும் போட்டாங்க. ஹிஸ்டரி க்ளாஸ் முடிஞ்சுது, வாங்க வீட்டுக்கு போவோம்.

அப்பல்லாம் கண்ணாடின்னா செம காஸ்ட்லி. பெரிய ஷீட்டா கிடைக்காது, சின்ன சின்ன துண்டா எடுத்து ஈயப்பட்டில கோர்த்துதான் ஒரு ஜன்னலே செய்யணும். அத சுவர் முழுக்க வெச்சா என்ன அர்த்தம்? "எங்கிட்ட காசு இருக்கு, பாத்துக்கோ"ன்னு அர்த்தம். "ஹார்ட்விக் ஹால், சுவர விட கண்ணாடி ஜாஸ்தி"ன்னு ஊர்ல இங்கிலீஷ்ல எதுகையோட பாட்டே கட்டிட்டாங்க. இதுவும் பத்தாதுன்னு ஆறு டவர், அது உச்சில எல்லாம் கிரீடத்தோட இஎஸ்-னு கல்லுலயே இனிஷியல்! எலிசபெத் ஷ்ரூஸ்பரியாம். பைக்ல பேர் ஒட்டுற நம்ம பசங்கள இனிமே யாரும் திட்டாதீங்க.

டிசைன் பண்ணது ராபர்ட் ஸ்மித்சன், கல் கொத்தனாரா இருந்து வந்தவரு. மேல போகப்போக ஜன்னல் உயரமாகுது கவனிச்சீங்களா? கீழ் மாடி வேலைக்காரங்களுக்கு, நடு மாடி குடும்பத்துக்கு, மேல் மாடிதான் பெரிய மனுஷங்கள வரவேற்க. ராணியே வந்தாலும் அத்தன படி ஏறித்தான் ஆகணும். 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு கேலரியும் அங்கதான் இருக்கு, ஆனா அப்ப நாட்ட ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி கடைசி வரைக்கும் வரவே இல்ல, பாவம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச தில்லுமுல்லு என்னன்னா, இதுல சில ஜன்னல் டம்மி! வெளில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும், ஆனா உள்ள புகைபோக்கி வருது, என்ன பண்றது, அது மேலயே கண்ணாடிய மாட்டிட்டாங்க. நான் கூட மொதல்ல ஜன்னல் வரிக்கு, அதாவது வீட்ல இருக்கிற ஜன்னல எண்ணி போட்ட வரிக்கு, பயந்து அடைச்சிருப்பாங்கன்னு நெனச்சேன், அந்த வரி வந்ததே 1696-லதான்.

சரி, டைட்டில்ல சொன்ன போர்வை எங்கன்னு கேக்குறீங்களா? டெர்பிஷயர் குளிர், மலை உச்சி, சுத்தி கண்ணாடி, கணப்பு அடுப்பு எவ்ளோதான் தாங்கும்? 1601-ல வீட்டு சாமான் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்திருக்காங்க, அதுல பெஸ் அம்மா படுக்குற ரூம்ல ஜன்னலுக்கு முன்னாடி தொங்கவிட மூணு போர்வை, கதவுக்கு ஒண்ணுன்னு இருக்கு! ஊருக்கு காட்ட கண்ணாடி, தூங்க போர்வை.

நீங்களா இருந்தா அந்த வீட்ல எந்த மாடி கேப்பீங்க? கமெண்ட்ல போடுங்க. எனக்கு கீழ் மாடி போதும், ஜன்னல் சின்னது!