டாக்ஸ்ட்ரிங்குக்குத் தனி நிறம்: விஎஸ் கோடில் சின்டாக்ஸ் ஹைலைட்டிங்கை மாற்றுவது எப்படி?

[திரையில்: ஒரு பைத்தான் கோப்பு. ஃபங்ஷன் தொடங்கியதும் நான்கு வரி டாக்ஸ்ட்ரிங். அதற்குக் கீழே ஒரு கோப்புப் பெயர், மேற்கோள்குறிக்குள். இரண்டும் ஒரே நிறம்.]

இந்த ஃபங்ஷன் எதை வாங்கிக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்பதை எழுதியவர் டாக்ஸ்ட்ரிங் எனப்படும் இந்த நான்கு வரி விளக்கத்தில் சொல்லியிருக்கிறார். கீழே இருப்பது வெறும் கோப்புப் பெயர். முதலாவது நாம் படிப்பதற்கு, இரண்டாவது நிரல் பயன்படுத்துவதற்கு. ஆனாலும் பைத்தானுக்கு இரண்டுமே ஸ்ட்ரிங், அதாவது மேற்கோள்குறிக்குள் வரும் எழுத்துத்தொடர், என்பதால் இரண்டுக்கும் ஒரே நிறம் விழுந்திருக்கிறது. டாக்ஸ்ட்ரிங்கை மட்டும் பிரித்து, நமக்கு வேண்டிய நிறத்தை அதற்குக் கொடுப்போம்.

நிறத்தைத் தேடுவதற்கு முன் பெயரைத் தேட வேண்டும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடு, ஒவ்வொரு வரியையும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களால், அதாவது எழுத்துகளின் அமைப்பைத் தேடும் பேட்டர்ன்களால், துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கோப் எனப்படும் பெயரைச் சூட்டுகிறது. 2004-இல் மேக் கணினிகளுக்காக வெளிவந்த டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரின் முறை இது. எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்று சொல்லும் பட்டியல்தான் தீம். அந்தப் பட்டியலில் நம் கையால் ஒரு வரி சேர்த்தால் போதும்.

[திரையில்: கர்சர் டாக்ஸ்ட்ரிங்கின் நடுவில். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. கட்டளைப் பட்டியில் 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்'.]

மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இந்தக் கட்டளையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் தெரியும் பெயரை நிதானமாகப் படியுங்கள்: ஸ்ட்ரிங், கோட்டட், டாக்ஸ்ட்ரிங், மல்டி, பைத்தான். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு புள்ளி. இப்போது கர்சரைக் கோப்புப் பெயருக்கு நகர்த்துகிறேன். ஸ்ட்ரிங், கோட்டட், சிங்கிள், பைத்தான். முதல் இரண்டு சொற்களும் ஒன்றே, மூன்றாவது சொல்லில் பிரிந்துவிட்டன. எடிட்டருக்கு இந்த வேறுபாடு முன்பே தெரியும். தீம்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

[திரையில்: செட்டிங்ஸின் ஜேசன் கோப்பு. சேர்க்க வேண்டிய வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ், அதற்குள் டெக்ஸ்ட்மேட் ரூல்ஸ், அதற்குள் நம் விதி. ஸ்கோப் என்ற இடத்தில் முதல் மூன்று சொற்களை மட்டும் எழுதுகிறேன். பெயரின் முற்பகுதி பொருந்தினாலே விதி செல்லும் என்பதால், ஒற்றை வரி டாக்ஸ்ட்ரிங்கும் இதில் அடங்கிவிடும். வெறும் ஸ்ட்ரிங் என்று நிறுத்தினால் எல்லா மொழிகளிலும் எல்லா ஸ்ட்ரிங்கும் மாறிப்போகும். சேமித்தவுடன் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். சில தீம்களில் மேற்கோள்குறிகள் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். அவற்றுக்குத் தனி ஸ்கோப் உண்டு. கர்சரை அங்கே வைத்து அதே வழியில் கண்டுபிடியுங்கள்.

எந்த நிறம் கொடுப்பது? கமென்ட்டையும் டாக்ஸ்ட்ரிங்கையும் மங்கலாக்குவது பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதிய விளக்கத்தைக் கண்ணிலிருந்து ஏன் ஒதுக்க வேண்டும்? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 30 ஆக உள்ள கரும் பின்னணியில் #808080 என்ற சாம்பல் நிறத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டின் விகிதம், சுமார் 4.2. சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் கேட்கும் குறைந்த அளவே 4.5. அதே பின்னணியில் #999999 கொடுத்தால் 5.8-ஐ எட்டிவிடும். இரண்டு வகைத் துண்டுகளைச் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்கவும் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். ஃபான்ட் ஸ்டைல் என்ற இடத்தில் சாய்வெழுத்தோ அடிக்கோடோ சேர்த்தால் அவர்களுக்கும் வேறுபாடு தெரியும்.

[திரையில்: ஒரு ஃபங்ஷன் பெயர். விதி எழுதியும் நிறம் மாறவில்லை.]

ஃபங்ஷன், வேரியபிள் போன்றவற்றுக்கு விதி எழுதும்போது இப்படி நேரலாம். மீண்டும் அதே பெட்டியைத் திறந்து பாருங்கள். செமான்டிக் டோக்கன் என்றொரு வரி இருந்தால், அந்த நிறம் எடிட்டருக்குப் பின்னணியில் இயங்கும் லாங்வேஜ் சர்வர் என்ற நிரலிலிருந்து வருகிறது. அது நிரலின் பொருளை ஆராய்ந்து, எது பாராமீட்டர், எது கிளாஸ் என்று சொல்லும். அதன் முடிவு டெக்ஸ்ட்மேட் விதிக்கு மேல் அமரும். கோப்பைத் திறந்த சற்று நேரத்தில் நிறங்கள் தாமாக மாறுவதும் இதனால்தான். இதற்கான விதிகளைச் செமான்டிக் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ் என்ற வேறொரு பகுதியில் எழுத வேண்டும்.

இருக்கும் பெயருக்குத்தான் இந்த வழியில் நிறம் கொடுக்க முடியும். உங்கள் குழு மட்டும் கமென்ட்டுக்குள் எழுதும் ஒரு குறிச்சொல்லுக்குத் தனி நிறம் வேண்டுமென்றால், முதலில் அதற்கு ஒரு ஸ்கோப்பை உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் எழுதி, வரிகளைத் துண்டாக்கும் விதிகளின் தொகுப்பான இலக்கணத்துக்குள் உங்கள் பேட்டர்னைச் செருகலாம். இன்ஜெக்ஷன் கிராமர் என்று பெயர். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மேட்ச் என்று எழுதும் பேட்டர்ன் ஒரு வரியைத் தாண்டாது. பல வரிகளுக்கு நீளும் துண்டு என்றால், பிகின், எண்ட் என்று தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிப் பேட்டர்ன் கொடுக்க வேண்டும்.