கல்லீரல் முன்கூட்டிச் சொல்லாது

நேயர்களுக்கு வணக்கம். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த சிலருக்கு, சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வரும், "நேரில் ஒருமுறை வந்து போங்கள்" என்று. அங்கே போய்விட்டு, கையில் ஒரு தாளோடு எங்களிடம் வருவார்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று அதில் இருக்கும். "எனக்குக் காமாலையே வந்ததில்லையே டாக்டர், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவதும் அதைத்தான்.

பெரியவர்களின் உடலுக்குள் இந்த வைரஸ் நுழைந்தால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமாகவே அதை வென்றுவிடுகிறார்கள். சிலருக்குக் காமாலை வந்து சில வாரங்களில் தணியும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் குழந்தைக்கோ நிலைமை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடலிலேயே தங்கிவிடும்.

தங்கிய வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாக அழிப்பதில்லை. பல ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்த நம் நோய் எதிர்ப்பு சக்தி, ஒரு கட்டத்தில் விழித்துக்கொண்டு, தொற்றுள்ள செல்களைத் தாக்குகிறது. தாக்கிய இடங்களில் தழும்பு விழுகிறது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. மிஞ்சிய நல்ல பகுதியே எல்லா வேலையையும் இழுத்துச் செய்கிறது. அதனால் ஒன்றும் தெரியாது. தழும்பு முற்றியபின் குடலிலிருந்து வரும் ரத்தத்துக்குக் கல்லீரல் வழிவிடாது. மண்ணீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்து ரத்த வாந்தி வரும். பலர் அன்றுதான் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருகிறார்கள். சிலருக்குத் தழும்பு முற்றாமலே புற்றுநோயும் வருகிறது.

இதைப் போலவே ரத்தத்தின் வழியே பரவும் வேறு இரண்டு வைரஸ்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை; ஆனால் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிறது. எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பு செல்களையே அழிக்கும். தினமும் மருந்து எடுத்தால் கட்டுக்குள் நிற்கும்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காத நேயர் இருக்க மாட்டீர்கள். சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில், கீழாநெல்லி வகையைச் சேர்ந்த செடியைக் கொடுத்ததில் ஹெபடைட்டிஸ் பி கிருமி பலருக்கு மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தானாகத் தணியும் காமாலைக்கு அதைக் குடித்தவர்கள், அதுவே குணமாக்கியது என்று நம்புவது இயல்பு. தங்கிவிட்ட வைரஸுக்கு அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் மனைவி, கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்றில்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் கட்டிப்பிடித்தாலும் இது பரவாது. தட்டைத் தனியே ஒதுக்கி வைக்கும் கொடுமை வேண்டாம். ஒதுக்கவேண்டியது சவரக் கத்தியும் பல் துலக்கும் பிரஷும்தான். உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். முடிதிருத்தகத்தில் புது பிளேடு கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தொடையில் போடும் அரை மில்லி ஊசி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. மாத்திரை தேவைப்படுவோருக்கு 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்கள் இலவசமாகத் தருகின்றன. ஆரம்பித்தபின், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வைரஸ் பெருகி, கல்லீரல் சில வாரங்களிலேயே செயலிழந்துவிடக்கூடும்.